பன்னிரண்டு காலங்களை ஒப்பித்தவரும் ஒரு குழந்தையின் பிழையும்

வடக்கு அந்தமானின் திக்லிப்பூரில் வங்கமொழி பேசும் வீட்டிலிருந்து வரும் ஒரு குழந்தை, தன் அண்ணனைப் பற்றி எழுதும்போது 'ஷி இஸ் மை பிரதர்' என்று எழுதுவதாகக் கொள்வோம். ஆசிரியர் 'ஷி'யைச் சிவப்பு மையால் அடித்து 'ஹி' என்று திருத்துவார். அடுத்த வாரமும் அதே பிழை வரும். அதே திருத்தம் நிகழும். மூன்றாம் முறை ஏட்டின் ஓரத்தில் 'கவனக்குறைவு' என்று எழுதப்படும். வங்கமொழியில் அவன், அவள் இரண்டுக்கும் 'ஷே' என்னும் ஒரே சொல்தான் உண்டு. வினைமுற்றும் பால் காட்டாது. ஆகவே அக்குழந்தையிடம் இருப்பது கவனக்குறைவு அன்று. தன் மொழி ஒருபோதும் கேட்டிராத ஒரு கேள்விக்கு அது விடை தேடிக்கொண்டிருக்கிறது. இதை அந்த ஆசிரியருக்கு எவரும் சொல்லவில்லை. அவர் இலக்கணம் படிக்காதவர் அல்லர். பயிற்சிக் கல்லூரியில் சேர்வதற்கு முன்பே மாதக்கணக்கில் ஆங்கில இலக்கணம் 'தயார்' செய்தவர். ஆண் வாத்து 'டிரேக்', பெண் வாத்து 'டக்' என்று பால் அட்டவணையைத் தூக்கத்திலும் ஒப்பிப்பார்.

இந்தத் 'தயாரிப்பு' என்பது என்ன, யாருக்காக, எதற்காக என்ற கேள்வியைக் கல்வித்துறையில் யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. ஆங்கில ஆசிரியராக விரும்பும் பட்டதாரி ஒருவர் பி.எட். வகுப்புக்கு முன்பும், அதன் பின்னர் தகுதித் தேர்வுக்கு முன்பும் எடுத்துக்கொள்ளும் இலக்கணப் பயிற்சி ஏறத்தாழ ஒரே வடிவம் கொண்டது. எட்டு வகைச் சொற்கள், பன்னிரண்டு காலங்கள், செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்றுதல், நேர்கூற்றை அயற்கூற்றாக மாற்றுதல், கோடிட்ட இடத்தில் முன்னிடைச்சொல் நிரப்புதல். கையில் ரென் – மார்ட்டின் அல்லது அதிலிருந்து வடித்தெடுத்த ஒரு கைடு. 1930களில் எழுதப்பட்ட அந்நூல் தன் காலத்துக்கு ஒழுங்கான நூல்தான். அதன்மேல் பழி சொல்வதில் பயனில்லை. ஆங்கிலத்தைக் கற்கும் மாணவனுக்காக எழுதப்பட்ட ஒரு நூலை, ஆங்கிலத்தைக் கற்பிக்கப் போகிறவரின் கையில் மாற்றமின்றித் திணித்துவிட்டு, 'இலக்கணம் முடிந்தது' என்று கருதும் மனப்பான்மையே இங்குக் குற்றவாளி.

குறை கைடு எழுதுபவரிடம் மட்டும் இல்லை. அந்தமானில் ஆசிரியராக விரும்புவோர் பெரும்பாலும் நாடுவது போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) உள்ள தாகூர் அரசு கல்வியியல் கல்லூரியை. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகளுக்குப் பின் நாடெங்கும் பி.எட். இரண்டாண்டுப் படிப்பாயிற்று. காலம் இருமடங்கானது, ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளின் அடிப்படை அனுமானம் மாறவில்லை. பாட அறிவைப் பட்டப்படிப்பு தந்துவிட்டது, இங்கே கற்பிக்கும் முறையை மட்டும் தந்தால் போதும் என்பதே அந்த அனுமானம். இளங்கலை ஆங்கில இலக்கியத்திலோ ஷேக்ஸ்பியரும் மில்டனும் இருப்பார்கள்; மொழியியலுக்கு ஓரிரு தாள்கள் இருந்தால் பெரிது. இலக்கணத்தைப் பள்ளி கற்பித்திருக்கும் என்று பட்டப்படிப்பு நம்புகிறது. பட்டப்படிப்பு கற்பித்திருக்கும் என்று பயிற்சிக் கல்லூரி நம்புகிறது. நடுவில் திறந்து கிடக்கும் அந்தப் பள்ளத்தில்தான் பயிற்சி மையமும் கைடும் கடை விரித்திருக்கின்றன.

மத்திய ஆசிரியர் தகுதித் தேர்வு இந்தப் பள்ளத்தை மூடவில்லை. அதன் 150 வினாக்களில் ஒரு மொழிக்கு 30. அவற்றுள் பாதி வாசிப்புப் புரிதல், பாதி மொழி கற்பித்தல் பற்றியவை. எல்லாம் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவை. 'பிழை என்பது கற்றலின் ஒரு பகுதி' என்ற விடையைத் தேர்வர் சரியாகவே தேர்ந்தெடுத்துவிடுவார். ஒரு குறிப்பிட்ட பிழை எங்கிருந்து வந்தது என்று நான்கு வரியில் எழுதிக் காட்டும்படி அத்தகைய தேர்வு கேட்க முடியாது. ஆசிரியரின் அன்றாட வேலையோ அதுதான்.

பன்னிரண்டு காலங்களையே எடுத்துக்கொள்ளலாம். நிகழ்காலம், இறந்தகாலம், எதிர்காலம் என மூன்று, ஒவ்வொன்றுக்கும் நான்கு வடிவம், ஆகப் பன்னிரண்டு. இந்தக் கட்டம் போட்ட அட்டவணை சுவரில் ஒட்டாத பயிற்சி மையம் அரிது. குவர்க்கும் அவருடைய உடனாசிரியர்களும் 1985இல் வெளியிட்ட விரிவான ஆங்கில இலக்கணம் வினையின் வடிவத்தை வைத்துப் பார்த்து, ஆங்கிலத்துக்கு இரண்டு காலங்களே உண்டு என்கிறது. 2002இல் வந்த ஹடில்ஸ்டன் – புல்லம் இலக்கணமும் தனியான எதிர்காலம் ஒன்று ஆங்கிலத்தில் இருப்பதாக ஏற்பதில்லை. இது அறிஞர்களின் வீண் சச்சரவு என்று ஒதுக்குவோர், தமிழ் மாணவனின் இடத்தில் நின்று பார்க்க வேண்டும். 'வருவேன்' என்னும்போது எதிர்காலம் வினைக்குள்ளேயே இடைநிலையாக உட்கார்ந்திருக்கிறது. ஆங்கிலத்தில் வினை அசையாமல் இருக்க, 'வில்' என்னும் துணைவினை முன்னால் வருகிறது. அதுவும் எதிர்காலத்தை மட்டுமின்றி உறுதி, ஊகம், விருப்பம் எல்லாவற்றையும் சுமக்கிறது. 'நாளைக்கு ஊருக்குப் போகிறேன்' என்று நிகழ்கால வடிவில் எதிர்காலத்தைப் பேசும் அதே மாணவனுக்கு, ஆங்கிலத்திலும் அப்படியே பேசலாம் என்பதை எளிதாகக் காட்ட முடியும். அட்டவணையோ அந்த வாசலை அடைத்துவிட்டு, 'நாளை என்று வந்தால் வில் போடு' என்கிறது. போடுகிறான், எல்லா இடத்திலும் போடுகிறான்.

அந்தமானை இங்கு எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இத்தீவுகளின் மக்கள் 3.8 லட்சம். அவர்களில் வங்கமொழியைத் தாய்மொழியாகக் கொண்டோர் கால்பங்குக்குச் சற்று மேல், இந்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, தமிழ் 15 விழுக்காடு, தெலுங்கு 13, நிக்கோபாரியமும் மலையாளமும் ஏழு விழுக்காட்டை ஒட்டி. 1949 முதல் குடியமர்த்தப்பட்ட கிழக்கு வங்க அகதிகள், சோட்டா நாக்பூரிலிருந்து காட்டுவேலைக்கு அழைத்துவரப்பட்டவர்கள், மாயாபந்தர் பகுதியின் கரேன் மக்கள், சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து திரும்பி வந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் இறக்கிவிடப்பட்ட தமிழர்கள் என ஒவ்வொரு கப்பலும் ஒரு மொழியைக் கொண்டுவந்தது. அனைவருக்கும் நடுவே, கைதிகள் குடியேற்றக் காலத்திலிருந்து வளர்ந்த ஓர் இந்துஸ்தானி பொதுமொழியாக நிற்கிறது. இப்படிப்பட்ட வகுப்பறையில் நிற்கப்போகும் ஆங்கில ஆசிரியருக்கு, மொழி எதுவென்றே தெரியாத ஒரு பொது மாணவனை மனத்தில் வைத்து எழுதப்பட்ட கைடு எதைச் சொல்லிவிட முடியும்?

ஒரே வாக்கியத்தைப் பார்ப்போம்: 'அவன் மாணவன்'. தமிழில் இரண்டே சொற்கள், இணைப்புவினை இல்லை. தெலுங்கிலும் இல்லை, வங்கத்திலும் இல்லை. இந்தியில் 'ஹை' உண்டு. மலையாளத்தில் 'ஆணு' உண்டு. ஆக 'ஹி ஸ்டூடன்ட்' என்று 'இஸ்' இல்லாமல் எழுதும் பிழை மொழிக்குடும்ப எல்லையை மதிப்பதில்லை. ஆரியமொழியான வங்கமும் திராவிட மொழியான தமிழும் இங்கு ஒரு கட்சி. தமிழின் உடன்பிறப்பான மலையாளம் இந்தியோடு மறுகட்சி. தமிழ்க் குழந்தைக்கும் தெலுங்குக் குழந்தைக்கும் வங்கக் குழந்தைக்கும் இங்கு ஒரு புதிய பழக்கத்தையே உண்டாக்க வேண்டும். மலையாளக் குழந்தைக்கும் இந்திக் குழந்தைக்கும் ஏற்கெனவே உள்ளதைச் சுட்டிக்காட்டினால் போதும். இதை அறிந்த ஆசிரியர் நாற்பது பேருக்கும் ஒரே பயிற்சியைக் கொடுத்து வகுப்பின் பாதி நேரத்தை வீணாக்க மாட்டார்.

ஆர்ட்டிகிள் இன்னும் சுவையானது. கங்கைக்கு முன் 'தி', கீதைக்கு முன் 'தி', சூரியனுக்கு முன் 'தி' என்று விதிகள் மனப்பாடமாகின்றன. 'புத்தகம் வாங்கினேன்', 'புத்தகத்தை வாங்கினேன்' இரண்டுக்கும் இடையே தமிழ்க் குழந்தை ஐந்து வயதிலேயே வேறுபாடு காண்கிறது. முதலாவதில் ஏதோ ஒரு புத்தகம். இரண்டாவதில் நாம் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்த புத்தகம். அஃறிணைப் பெயரில் இரண்டாம் வேற்றுமை உருபு வருவதும் வராமல் போவதும் ஆங்கிலத்தின் 'தி' செய்யும் வேலையின் ஒரு பகுதியையேனும் செய்கிறது. வங்கக் குழந்தை பெயரோடு 'டா' சேர்த்து அதே குறிப்பைத் தருகிறது. இந்திக் குழந்தையிடம் 'கோ' இருக்கிறது. மூன்றும் 'தி'க்கு நிகரானவை அல்ல; ஆனால் மூன்றும் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு நுட்பத்தின் கைப்பிடிகள். அந்தக் கைப்பிடியைப் பற்றாமல் 'தனித்தன்மை வாய்ந்த பொருள்களுக்கு முன்' என்று தொடங்கும் விதியை எழுதிப் போடுவது, கதவு திறந்திருக்கச் சுவரைக் குடைவதாகும்.

'எனக்குத் தெரியும்', 'எனக்குப் பசிக்கிறது', 'எனக்குப் பிடிக்கும்' என்பவற்றில் அனுபவிப்பவர் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். இந்தியில் 'முஜே'; வங்கத்தில் ஆறாம் வேற்றுமைக்கு ஒத்த 'ஆமார்'. இந்திய மொழிகள் குடும்பம் கடந்து கூறுகளைப் பகிர்கின்றன என்று எமெனோ 1956இல் எழுதிய கட்டுரை திறந்துவிட்ட வழியில், பின்வந்த ஆய்வாளர்கள் இந்த அமைப்பையும் பொதுக்கூறாகக் காட்டினர். ஆங்கிலம் இவை எல்லாவற்றையும் 'ஐ' என்னும் எழுவாயில் அடக்கிவிடுகிறது. இந்த ஒரு செய்தி, போர்ட் பிளேரின் கலப்பு வகுப்பில் ஏறத்தாழ அனைவருக்கும் ஒருசேரப் பயன்படும் ஒரு மணிநேரப் பாடம். எமெனோவின் பெயர் ஆய்வேட்டின் முன்னுரைகளில் தவறாமல் வருகிறது, பி.எட். வகுப்பின் பாடக்குறிப்பில் வரக் கண்டவர் எத்தனை பேர்?

கார் நிக்கோபாருக்குப் போனால் இந்திய மொழிகளுக்குப் பொதுவான கணக்கும் செல்லாது. அங்குள்ள மொழி ஆஸ்திரோஆசியக் குடும்பத்தது. வினை முன்னே வர, எழுவாய் இறுதியில் வருவது அதன் இயல்பான வரிசை. தமிழும் இந்தியும் வங்கமும் வினையைக் கடைசியில் வைக்க, இது முதலில் வைக்கிறது, ஆங்கிலமோ நடுவில். மேலும் அம்மொழி ரோமன் எழுத்தில் எழுதப்படுகிறது. அதாவது நிக்கோபாரியக் குழந்தை ஆங்கில வகுப்புக்கு வரும்போது எழுத்து புதிதன்று. எழுத்துக்குரிய ஒலி புதிது. தமிழ்க் குழந்தைக்கு எழுதும் அதே பாடத்திட்டக் குறிப்பை அங்கே கொண்டுபோகும் ஆசிரியர் எதைக் கற்பிக்கிறார் என்பது அவருக்கே தெரியாது.

இங்கே ஒரு பழைய செய்தியை நினைவூட்டலாம். 1890களில் கார் நிக்கோபாரின் மூஸ் கிராமத்தில் பள்ளி நடத்தியவர் வேதப்பன் சாலமன் என்னும் தமிழர். அவரிடம் பயின்ற சிறுவர்களில் ஒருவரே பின்னாளில் பேராயரான ஜான் ரிச்சர்ட்சன். புதிய ஏற்பாட்டைத் தம் மொழியில் பெயர்த்தவர். 1952இல் முதல் மக்களவையில் இத்தீவுகளின் நியமன உறுப்பினர். தமிழ் பேசிய ஓர் ஆசிரியரும் நிக்கோபாரியம் பேசிய ஒரு மாணவரும் வேற்று மொழிகளின் வழியே சந்தித்த அந்தப் பள்ளியில் பி.எட். இல்லை, கைடும் இல்லை. அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று பாட வேண்டியதில்லை. மதப்பணிக்கென்று ஒரு தேவை இருந்தது, ஆகவே மொழியைக் கவனித்தார்கள். இன்று அரசும் பல்கலைக்கழகமும் குழுமமும் இருந்தும், குழந்தையின் மொழியைக் கவனிக்கும் தேவை யாருக்கும் இல்லை என்பதே வேறுபாடு.

இதற்கு மறுப்புகள் வரும். முதல் மறுப்பு நாகரிகமானது: 'இன்று யார் இலக்கணம் கற்பிக்கிறார்கள்? எல்லாம் தொடர்பாடல் வழிக் கற்பித்தல்தானே?' இதற்குப் பிரபுவின் பெயர் சாட்சிக்கு அழைக்கப்படும். என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் பள்ளிகளில் நடத்திய திட்டம், விதிகளை விளக்காமல் செயல்களின் வழியே மொழியைக் கற்பித்தது உண்மை. ஆனால் அவருடைய நோக்கமே மாணவரிடத்தில் இலக்கணத் திறன் உருவாக வேண்டும் என்பதுதான். அது விளக்கத்தால் வராது, பொருளில் கவனம் குவியும்போது வரும் என்பது அவர் வாதம். 1987இல் அவர் எழுதிய நூலைத் திறந்து பார்க்காமலே, 'பிரபு இலக்கணம் வேண்டாம் என்றார்' என்று கருத்தரங்குகளில் சொல்லப்படுகிறது. மாணவனுக்கு விதியைச் சொல்லாத ஆசிரியருக்கு, சொல்லும் ஆசிரியரைவிட அதிக இலக்கணம் தெரிந்திருக்க வேண்டும். எந்தச் செயலில் எந்த அமைப்பு தேவைப்படும், குழந்தை திணறுவது பொருளிலா வடிவத்திலா என்று அவர் கண்ணால் பார்த்தே அறிய வேண்டும். மருந்து எழுதாத மருத்துவருக்கு நோய் தெரிய வேண்டாம் என்று எவரும் வாதிடுவதில்லை.

இரண்டாம் மறுப்பு ஆய்வுலகத்திலிருந்து வரும். அது கூடுதல் மதிப்புக்குரியது. தாய்மொழியையும் இலக்கு மொழியையும் ஒப்பிட்டாலே பிழைகளை முன்கூட்டிச் சொல்லிவிடலாம் என்று லாடோ 1957இல் நம்பினார். 1967இல் கார்டரும் 1972இல் செலிங்கரும் அந்தப் படத்தைச் சிக்கலாக்கினர். 'கோ' என்பதன் இறந்தகாலத்தைக் 'கோடு' என்று சொல்வது தமிழ்க் குழந்தை மட்டுமன்று; லண்டன் குழந்தையும்தான். பல பிழைகளுக்குத் தாய்மொழி காரணமே அன்று. அப்படியிருக்க ஒப்பீட்டு இலக்கணத்தை ஏன் மீண்டும் தூக்கிக்கொண்டு வர வேண்டும்? விடை எளியது. எந்தப் பிழை தாய்மொழியிலிருந்து வந்தது, எந்தப் பிழை வளர்ச்சியில் இயல்பாக வந்து தானே மறைவது என்று பிரித்தறியவும் இரு மொழியின் இலக்கணமும் தெரிந்தாக வேண்டும். அந்தமானில் இன்னொரு சிக்கலும் உண்டு. போர்ட் பிளேரின் தமிழ்க் குழந்தை வீட்டில் தமிழும் தெருவில் இந்துஸ்தானியும் பேசுகிறது. அதன் பிழை தெருவிலிருந்தும் வரலாம். வருகைப் பதிவேட்டில் பெயரைப் பார்த்து 'தமிழ்ப் பிழை' என்று முத்திரை குத்தும் ஆசிரியர், ஒப்பிடவே தெரியாதவரைவிட அதிகத் தீங்கு செய்வார்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. அதை மறுப்பு என்பதைவிட மந்திரம் எனலாம். 'ஆங்கிலத்தில் சிந்தியுங்கள், தாய்மொழியை மறந்துவிடுங்கள்.' பயிற்சி மையங்களில் இதற்குக் கைதட்டல் கிடைக்கும். தமிழ்வழியில் பயின்று வந்த தேர்வர் இதைக் கேட்டுத் தலைகுனிகிறார். தம்மிடமுள்ள ஒரே கருவியைக் குறையென்று நம்பி மறைத்துக்கொள்கிறார். பெயரெச்சம் இன்னதென்று அவருக்குத் தெரியும். 'நேற்று வந்த பையன்' என்பதில் வினை பெயருக்கு முன்னால் நிற்பதையும், ஆங்கிலத்தில் 'ஹூ' என்று தொடங்கி அது பெயருக்குப் பின்னால் போவதையும் அவரால் ஒரு கோடு வரைந்து காட்ட முடியும். 'பாய்ஸ்' என்பதில் 'ஸ்' பன்மை, 'கம்ஸ்' என்பதில் அதே 'ஸ்' ஒருமை. இந்தக் குழப்பத்தை 'வருகிறான், வருகிறார்கள்' என்ற இரண்டு சொற்களை அருகருகே எழுதி அவரால் தெளிவாக்க முடியும். மொழியியலில் பயிற்சி பெற்றவர்களே மேடையில் இந்த மந்திரத்தை ஓதுவதுதான் பொறுக்க முடியாதது.

வெளியே நிலைமை எப்படி என்று கேட்கலாம். கேம்பிரிட்ஜின் செல்ட்டா சான்றிதழுக்கு வரும் ஆங்கிலத் தாய்மொழியாளர் பலர், இலக்கணத்தின் பெயர்களே தெரியாமல் அஞ்சுகிறார்கள். அவர்களுக்குப் பேசத் தெரியும், பேசுவதை விளக்கத் தெரியாது. நம்மவருக்குப் பெயர்கள் அனைத்தும் தெரியும். அந்தப் பெயர்கள் எதைக் குறிக்கின்றன என்பதே தெரியாது. அவர்களுக்கு ஸ்வானும் பாரட்டும் எழுதிய நூல்கள் கைகொடுக்கின்றன. ஸ்வானும் ஸ்மித்தும் தொகுத்த மற்றொரு நூல், எந்தத் தாய்மொழியாளர் ஆங்கிலத்தில் எங்கே இடறுவார் என்று மொழிவாரியாகச் சொல்கிறது. அதன் 2001ஆம் ஆண்டுப் பதிப்பில் திராவிட மொழிகளுக்கும் ஓர் இயல் உண்டு. கால்டுவெல் 1856இல் திராவிட ஒப்பிலக்கணம் எழுதிய நாட்டில், தமிழ்க் குழந்தையின் ஆங்கிலப் பிழைக்கு விளக்கம் தேடும் ஆசிரியர் கேம்பிரிட்ஜ் பதிப்பகத்தின் கதவைத் தட்ட வேண்டியிருப்பது, நம் மொழியியல் துறைகள் கூச்சப்பட வேண்டிய செய்தி. நிக்கோபாரியக் குழந்தையின் ஆசிரியருக்குத் தட்டுவதற்கு அந்தக் கதவும் இல்லை.

என்ன செய்யலாம் என்பது மறைபொருள் அன்று. ஆசிரியப் பயிற்சிக்குத் தயாராகும் ஒருவர் முதலில் தம் சொந்த மொழியின் இலக்கணத்தைத் திறக்கட்டும். வேற்றுமையும் எச்சமும் இடைநிலையும் மீண்டும் நினைவுக்கு வரட்டும். பிறகு கைடை மூடிவைத்துவிட்டு, அருகிலுள்ள பள்ளியில் ஒரு வகுப்பின் ஆங்கிலக் கட்டுரை ஏடுகளைக் கேட்டு வாங்கட்டும். பிழைகளைத் திருத்தாமல் தனித்தாளில் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் அக்குழந்தை வீட்டில் பேசும் மொழி எது, தெருவில் பேசும் மொழி எது என்று குறிக்கட்டும். அந்தமானின் பயிற்சி மாணவர்களுக்கு இதில் வேறெங்கும் இல்லாத வசதி ஒன்று இருக்கிறது: ஒரே வகுப்பறையில் வங்கமும் தமிழும் தெலுங்கும் நிக்கோபாரியமும் பேசும் சக மாணவர்கள் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். 'அவன்', 'அவள்' என்பதற்கு உன் மொழியில் என்ன சொல் என்று கேட்க அரை நிமிடம் போதும்.

அவர்கள் அனைவரும் இப்போது டிரேக்கின் பெண்பாலை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார்கள்.